அம்மா ரூம் ஏர்கோன்: கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு மலையிலிருந்து ஒரு வேண்டுகோள்



பூசை நேரம், அன்னதானம், உபயம், திருவிழா வேலை, இதைப் பத்தித்தான் நாங்க வழக்கமா இங்கே எழுதுவோம். இன்னிக்கு ஏர்கோன் பத்தி எழுதப் போறோம். ரிங்லெட்ல உட்கார்ந்துகிட்டு ஏர்கோன் பேச்சா என்று சிரிக்காதீங்க. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. குறிப்பா, இங்கே பிறந்து வளர்ந்து இப்போ ஈப்போ, கிள்ளான், கோலாலம்பூர், சிரம்பான் பக்கம் குடும்பமா இருக்கிறவங்க அவசியம் படிக்கணும். இது உங்களுக்காக எழுதினதுதான்.

நம்ம கோயில்ல வெள்ளிக்கிழமை தவறாமல் பூ கட்டுற ஒரு பாட்டி இருக்காங்க. பேர் வேண்டாம். முப்பது வருஷத்துக்கு மேல கொழுந்து எடுத்தவங்க. மழையோ பனியோ, கூடையை முதுகுல மாட்டினா இறக்க மாட்டாங்க. போன வருஷம் மாசி மாசத்துல மகன் காரெடுத்துக்கிட்டு வந்து பாட்டியைக் கீழே கூட்டிட்டுப் போனார். மூணு வாரம் இருந்துட்டு பங்குனி உத்திரத்துக்கு முன்னாடி திரும்பி வந்தாங்க. வந்தவங்க பூ கட்ட உட்கார்ந்தா ஒரு முழம் கட்டுறதுக்குள்ள பத்து தடவை இருமுறாங்க. நெஞ்சு 'கொர் கொர்'னு சத்தம். என்ன பாட்டி என்று கேட்டா, "ஒண்ணுமில்லப்பா, கீழே வெயில் ஒத்துக்கல"ன்னு முடிச்சுட்டாங்க.

கிளினிக்குக்கு நாங்கதான் கூட்டிட்டுப் போனோம். அங்கே டாக்டர் ஒவ்வொண்ணா கேட்கக் கேட்கத்தான் விஷயம் வெளியே வந்தது. மகன் வீட்டுல பாட்டிக்குன்னு ஒரு ரூம் உண்டு. அதுல ஏர்கோனும் உண்டு. பாட்டி வந்தாத்தான் அந்த ரூமைத் திறப்பாங்க. அதுக்கு முன்னாடி பல மாசமா பூட்டியே கிடந்த ரூம். பாட்டி போன ராத்திரி மகன் ஆசையா ரிமோட்டை எடுத்து ஏர்கோனை முடுக்கி, "நல்லா குளிரா தூங்குங்கம்மா"ன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டுப் போயிட்டார். வந்த காத்துல ஈரத்துணி மக்கின மாதிரி ஒரே நாத்தம். பாட்டி சேலைத் தலைப்பை மூக்குல சுத்திக்கிட்டுப் படுத்திருக்காங்க. ஒரு ராத்திரி இல்ல, மூணு வாரமும்.

ஏன் பாட்டி சொல்லலன்னு கேட்டோம். அவங்க சொன்ன பதில்தான் இந்தப் பதிவை எழுத வச்சது.

"அவன் எனக்காக ஆசையா ரூம் போட்டுக் கொடுத்திருக்கான். அதுல போய் நாத்தம்னு எப்படிப்பா சொல்றது?"

அந்த இருமலுக்கு ஏர்கோன்தான் காரணம்னு நாங்க சத்தியம் பண்ண முடியாது. நாங்க டாக்டர் இல்ல. ஆனா தூசியும் பூஞ்சையும் இழைப்பு உள்ளவங்களுக்கு ஆகாதுன்னு டாக்டர் தெளிவா சொன்னார். அந்த மகனையும் நாங்க குறை சொல்லல. ரொம்ப நல்ல பிள்ளை. அம்மா மேல உயிரையே வச்சிருக்கிறவர். அவருக்குத் தெரியல, அவ்வளவுதான். அதுதான் எங்களுக்கு வருத்தம். அன்பு இருந்தது, ஏர்கோன் இருந்தது, காசும் இருந்தது. அரை மணி நேர வேலை ஒண்ணு மட்டும் நடக்கல.

நம்ம ஊருக்கு இது ஏன் பெரிய விஷயம்னு சொல்றோம். ரிங்லெட் கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கும் மேல இருக்கிற ஊர். இந்த நாட்டுலேயே பதிவான மிகக் குறைஞ்ச வெப்பநிலை நம்ம கேமரன் மலையிலதான், 1978 பிப்ரவரி 1ஆம் தேதி, 7.8 டிகிரி. அதிகபட்சம் பதிவானது பெர்லிஸ் சூப்பிங்ல, 1998 ஏப்ரல் 9ஆம் தேதி, 40.1 டிகிரி. ஒண்ணு பிப்ரவரி, ஒண்ணு ஏப்ரல். நம்ம பெரியவங்க மலையை விட்டு இறங்கிப் போறதும் அந்த மாசி, பங்குனி, சித்திரையிலதான். தீபாவளிக்குப் பிள்ளைகளே மேல வந்துடுறீங்க. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முழுக்க மழை. பொங்கல் முடிஞ்சு மழை விட்டப்புறம்தான், "வாங்கம்மா, கொஞ்ச நாள் எங்ககூட இருந்துட்டுப் போங்க"ன்னு கார் வரும். வாழ்நாளெல்லாம் ஸ்வெட்டரோட திரிஞ்ச உடம்பு தாப்பா ரோட்டு வளைவெல்லாம் இறங்கி நேரா வெயில் காலத்துக்குள்ள போய் விழுது.

அந்தக் காலத்துத் துரைமார்களுக்கு இந்த மலையேதான் ஏர்கோன். கீழே புழுக்கம் தாங்காமத்தான் இங்கே பங்களா கட்டிக்கிட்டாங்க. 1929ல ஜே.ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தை ஆரம்பிச்சார். அந்தக் காலத்துல இருந்து காட்டை வெட்டி, செடி நட்டு, கொழுந்து எடுத்தது நம்ம தாத்தா பாட்டிகள். அவங்க பிள்ளைகள் படிச்சாங்க, கீழே போனாங்க, வேலை வாங்கினாங்க, வீடு வாங்கினாங்க. பெருமைதான். இப்போ அந்த வீட்டுல பெத்தவங்களுக்குன்னு ஒரு ரூம் ஒதுக்கி ஏர்கோனும் மாட்டியிருக்காங்க. அதுவும் பெருமைதான். ஆனா அந்த ரூம் வருஷத்துல பத்து மாசம் பூட்டியிருக்கு. சிக்கலே அங்கேதான்.

நம்ம பெரியவர்கள்ல சிலர், "இந்தச் சனியனே வேணாம், ஏர்கோன்னாலே நோய்தான், ஃபேன் போதும்"னு சொல்றாங்க. கோயில் திண்ணையில இதைப் பத்தி ஒரு நாள் பெரிய வாக்குவாதமே நடந்துச்சு. நாங்க அதை ஒத்துக்கல. வெயிலும் ஆளைச் சாய்க்கும். 2016 ஏப்ரல்ல பெர்லிஸ்லயும் கெடாவுல சில இடங்கள்லயும் வெயில் தாங்காம பள்ளிக்கூடத்தையே மூடினாங்க. விளையாடுற வயசுப் பிள்ளைகளுக்கே அப்படின்னா, எழுபது வயசுல, பிரஷர் மாத்திரை சாப்பிடுற, மலைக் குளிர்லயே பழகின ஒரு அம்மாவுக்கு எப்படி இருக்கும்? அவங்களுக்கு ஏர்கோன் ஆடம்பரம் இல்ல. அந்த ரெண்டு மாசத்துக்கு அது மருந்து மாதிரி. மருந்தா இருந்தா சுத்தமா இருக்கணுமில்லையா? பத்து மாசமா திறந்து கிடந்த பாட்டில்ல இருந்து அம்மாவுக்கு மருந்து ஊத்திக் கொடுப்பீங்களா?

இன்னொரு விஷயம். ஏர்கோன் வெளிக்காத்தைக் குளிர வச்சு உள்ள அனுப்புதுன்னு நிறையப் பேர் நினைச்சுக்கிட்டிருக்காங்க. வீட்டுச் சுவத்துல மாட்டியிருக்கிற சாதாரண ஏர்கோன் அப்படிப் பண்றதில்ல. ரூமுக்குள்ள இருக்கிற அதே காத்தைத்தான் இழுத்து, சல்லடை மாதிரி இருக்கிற ஃபில்டர் வழியா விட்டு, குளிர்ந்த குழாய்ப் பட்டை மேல ஓட்டி, திரும்ப அதே ரூமுக்கே தருது. அந்தப் பட்டையில காத்துல உள்ள ஈரம் தண்ணியா வழிஞ்சு, கீழே ஒரு தட்டுல விழுந்து, குழாய் வழியா வெளியே போகுது. ஈரமும் இருட்டும் தூசியும் சேர்ந்த இடம் அது. ஏர்கோனை நிறுத்திட்டுப் பல மாசம் மூடி வச்சா பூஞ்சை பிடிக்காம என்ன பண்ணும்? மழைக் காலத்துல நம்ம வீட்டு அலமாரியில வச்ச பட்டு வேட்டிக்கு என்ன ஆகுதுன்னு மலையில இருக்கிற நமக்குச் சொல்லித் தர வேணாம்.

நம்ம ரிங்லெட் ஏரியையே பாருங்க. சுல்தான் அபு பக்கார் அணை கட்டி 1960கள்ல உண்டான ஏரி. மேல தோட்டங்கள்ல இருந்து மழைக்கு மழை மண் அடிச்சுக்கிட்டு வந்து ஏரி தூர்ந்துக்கிட்டே வருது. வருஷக்கணக்கா மண் அள்ளுறாங்க. அள்ளாம விட்டா தண்ணி நிக்க இடம் எங்கே? 2013 அக்டோபர்ல பெர்த்தாம் வேலியில வெள்ளம் என்ன பண்ணுச்சுன்னு நம்ம யாரும் மறக்கல. நீரும் காத்தும் ஓடுற எந்த இடத்துலயும் அடைப்பு சேரும். சேர்ந்ததை எடுக்கணும். ஏரிக்கும் அதே கதை, ஏர்கோனுக்கும் அதே கதை.

சரி, என்ன செய்யணும்? நம்ம தொண்டர்கள்ல ஒரு தம்பி ஈப்போவில் பல வருஷம் ஏர்கோன் வேலை பார்த்துட்டு இப்போ மலைக்கே திரும்பி வந்தவர். அவர்கிட்ட உட்கார்ந்து கேட்டு, நாங்களே ஒரு வீட்டுல செஞ்சும் பார்த்து எழுதுறோம்.

முதல்ல, அம்மா வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஆரம்பிங்க. வர்ற அன்னிக்கு ராத்திரி இல்ல. ஏதாவது கோளாறுன்னா ஆள் கூப்பிட நேரம் வேணும். வெயில் ஆரம்பிச்சுட்டா சர்வீஸ்காரங்க கிடைக்கிறதும் கஷ்டம்.

ரூம் ஜன்னலைத் திறந்து நாலு நாள் காத்தாட விடுங்க. மெத்தை, தலையணை எல்லாத்தையும் வெயில்ல போடுங்க. அதுக்கப்புறம் ஏர்கோன் சுவிட்சை அடைச்சுட்டு மெயின் பெட்டியில அதோட பிரேக்கரையும் இறக்குங்க. ரிமோட்ல நிறுத்தினா மட்டும் போதாது. முன் மூடியைத் தூக்கினா ஃபில்டர் கண்ணுக்குத் தெரியும். ரெண்டு பக்கமும் மெதுவா அமுக்கி இழுத்தா வந்துடும். குழாய்த் தண்ணியில பின்பக்கமிருந்து பிடிச்சு அலசுங்க. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா பாத்திரம் கழுவுற சோப்பு ரெண்டு சொட்டு போதும். சுடுதண்ணி வேணாம், வெயில்லயும் காய வைக்காதீங்க, பிளாஸ்டிக் வளைஞ்சுடும். நிழல்ல நல்லா காய்ஞ்சப்புறம் மாட்டுங்க. ஈரத்தோட மாட்டினா நீங்களே பூஞ்சைக்குச் சோறு போட்ட மாதிரி.

ஃபில்டரைக் கழட்டி வச்சிருக்கிறப்பவே ஒரு டார்ச் லைட் அடிச்சு உள்ள பாருங்க. பின்னாடி இருக்கிற மெல்லிய தகடுகள் கறுத்துப் போயிருக்கா? காத்து வெளியே வர்ற வாய்க்குள்ள ஒரு உருளை சுத்தும், அதுல கறுப்புப் புள்ளி புள்ளியா இருக்கா? இருந்தா அது ஃபில்டர் கழுவினா போற விஷயம் இல்ல. ஆளைக் கூப்பிட்டு சர்வீஸ் பண்ணணும். ரொம்ப மோசமா இருந்தா கழட்டி மருந்து போட்டுக் கழுவுற 'கெமிக்கல் வாஷ்' தேவைப்படும். நீங்களே குச்சியை விட்டுக் குத்தாதீங்க. தகடு வளையும், கையும் கிழியும். மின்சாரப் பகுதி பக்கத்துலேயே இருக்கு, தண்ணி பீய்ச்சி அடிக்கிறதும் வேணாம்.

தண்ணி வெளியே போற குழாயைப் பாருங்க. அதோட வெளி வாயில எறும்பு, குளவி கூடு கட்டியிருக்கும், பாசி அடைச்சிருக்கும். அடைச்சிருந்தா தண்ணி ரூமுக்குள்ளேயே, பெரும்பாலும் கட்டில் மேலேயே சொட்டும். வெளியே இருக்கிற பெரிய பெட்டியையும் போய்ப் பாருங்க. நாம எல்லாரும் 'கம்ப்ரசர்'னு சொல்ற அதுதான். அது மேல காய்ஞ்ச இலை, பக்கத்துல பழைய சைக்கிள், பூந்தொட்டி, முன்னாடி துணி காயப் போட்ட கயிறு எதுவும் இருக்கக்கூடாது. உள்ளே இருக்கிற சூட்டை வெளியே தள்ளுறது அந்தப் பெட்டிதான். அதோட முன்பக்கத்தை அடைச்சா சூடு எங்கே போகும்? பல்லியும் எறும்பும் உள்ள போய் மின் பலகையையே எரிச்சு விடறதும் உண்டாம், தம்பி சொல்றார்.

ரிமோட்டைத் திறந்து பாருங்க. பழைய பேட்டரி கசிஞ்சு பச்சை பிடிச்சிருக்கும். அம்மா ஊருக்குத் திரும்பினதும் பேட்டரியைக் கழட்டி வைக்கிற பழக்கம் நல்லது.

எல்லாம் மாட்டினப்புறம் பிரேக்கரைப் போட்டு, ஜன்னல் திறந்தபடியே ஒரு இருபது நிமிஷம் காத்து மட்டும் ஓட விடுங்க. அப்புறம் ஜன்னலைச் சாத்தி, குளிரை வச்சு அரை மணி நேரம் நீங்களே அந்த ரூம்ல உட்காருங்க. இதை மறக்காதீங்க. நீங்க உட்காரணும். மூக்கால பாருங்க, காதால கேளுங்க, சுவத்துல தண்ணி வழியுதான்னு தடவிப் பாருங்க. உங்களுக்கு நாத்தம்னா அம்மாவுக்கும் நாத்தம். கருகுற வாடை வந்தா, பிரேக்கர் விழுந்தா, அத்தோட நிறுத்துங்க. திரும்பத் திரும்பத் தூக்கிப் போடாதீங்க. எரிசக்தி ஆணையத்துல பதிஞ்ச வயரிங் ஆளைக் கூப்பிடுங்க.

இப்போ காசு விஷயம். இதுல நம்ம ஆளுங்க நிறைய ஏமாறுறாங்க. வருஷா வருஷம், "கேஸ் குறைஞ்சிருக்கு, டாப் அப் பண்ணணும்"னு சொன்ன உடனே வெள்ளியை எண்ணிக் கொடுத்துடறோம். ஏர்கோன் கேஸ் காரோட பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்ற பொருள் இல்ல. மூடின குழாய்க்குள்ள சுத்திக்கிட்டே இருக்கும். குறைஞ்சிருக்குன்னா எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம். கசிவை அடைக்காம கேஸ் ஊத்துறது ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற வேலை. அதனால, "எங்கே கசியுது, காட்டுங்க"ன்னு மரியாதையா கேளுங்க. கேட்கிறதுல தப்பில்ல. பாதி நேரம் குளிர் வராததுக்குக் காரணம் கேஸே இல்ல, அடைஞ்ச ஃபில்டர்தான்னு நம்ம தம்பி சொல்றார். இன்னொண்ணு, பழைய மெஷின்ல ஆர் 22 கேஸ் இருக்கும், புதுசுல பெரும்பாலும் ஆர் 32. ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணை ஊத்தக்கூடாது. எதுன்னு பெட்டியில ஒட்டியிருக்கிற சீட்டுலேயே எழுதியிருக்கும். ஆர் 32 தீப்பிடிக்கக் கூடியது, அதனால தெரிஞ்ச ஆள்தான் கை வைக்கணும். ஆர் 22 ஓசோன் படலத்தைக் கெடுக்கிற சாமான். 1987ல கையெழுத்தான மொன்ட்ரியால் உடன்படிக்கையின்படி உலகம் முழுக்க அதைப் படிப்படியா நிறுத்திக்கிட்டு வர்றாங்க. அதைக் காத்துல திறந்து விடறதும் நாம செய்யக்கூடாத பாவம்.

அடுத்தது, பக்தர்களா நாம தனியா கவனிக்க வேண்டிய ஒண்ணு. கீழே வீடுகள்ல இடம் சின்னது. பூசை அலமாரியும் ஏர்கோனும் ஒரே ரூம்லன்னு நிறைய வீட்டுல பார்த்திருக்கோம். விளக்கு ஏத்தி, ஊதுபத்தி கொளுத்தி, சூடம் காட்டி, சாம்பிராணியும் போட்டுட்டு, கதவைச் சாத்திட்டு ஏர்கோனை முடுக்கினா அந்தப் புகை எங்கே போகும்? முன்னாடி சொன்ன மாதிரி அது வெளியே போகாது. ரூமுக்குள்ளேயே சுத்தும். பாதி நெஞ்சுக்குள்ள, மீதி ஃபில்டர்ல. எண்ணெய்ப் புகையோட சேர்ந்த தூசி பசை மாதிரி ஒட்டிக்கும். நம்ம கோயில் கருவறைச் சுவரையும் தூங்கா விளக்குக்கு மேல இருக்கிற கூரையையும் திருவிழாவுக்கு முன்னாடி துடைக்கிற தொண்டர்களுக்கு அந்தக் கரி என்னன்னு நல்லாத் தெரியும். துணி கறுக்கும், கை கறுக்கும், மூக்கைச் சிந்தினா அதுவும் கறுக்கும். சாமி கும்பிட வேணாம்னு நாங்க சொல்லுவோமா? கும்பிடுற நேரம் ஏர்கோனை நிறுத்துங்க, ஜன்னலைத் திறங்க, புகை அடங்கினப்புறம் முடுக்குங்க. அந்த வீட்டு ஃபில்டரை மத்தவங்களைவிட அடிக்கடி கழுவுங்க. பெரியவங்க தங்கியிருக்கிற காலத்துல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவினா நல்லது.

அம்மாவுக்கு எவ்வளவு குளிர் வைக்கணும்? "மலையில பிறந்தவங்கதானே, 18ல வச்சாலும் தாங்குவாங்க"ன்னு ஒரு தம்பி சொன்னார். அது தப்பு. மலைக்குளிர் வேற, ஏர்கோன் குளிர் வேற. 1902ல வில்லிஸ் கேரியர்ங்கிறவர் இந்த மெஷினை முதன்முதலா வடிவமைச்சதே மனுஷனுக்காக இல்ல, நியூயார்க் புரூக்ளின்ல ஒரு அச்சகத்துல காகிதம் ஈரத்துல நெளியாம இருக்கத்தான். காத்துல உள்ள ஈரத்தை உறிஞ்சுறது அதோட பிறவிக் குணம். நம்ம மலைக்காத்துல எப்பவும் ஈரம் இருக்கும். ஏர்கோன் காத்து தொண்டையையும் தோலையும் காய வைக்கும். 25, 26ல வச்சு, காத்து நேரா தலையிலோ முதுகிலோ அடிக்காம மேல பார்த்துத் திருப்பி விடுங்க. பக்கத்துல ஒரு செம்பு தண்ணி, கால்ல ஒரு போர்வை. முக்கியமா, ரிமோட்டை அம்மா கையில கொடுத்து எந்தப் பட்டனை அமுக்கணும்னு சொல்லிக் கொடுங்க. ஒரு சின்ன ஸ்டிக்கரை நிறுத்துற பட்டன் மேல ஒட்டி விடுங்க. நடு ராத்திரியில குளிர் தாங்காம, நிறுத்தத் தெரியாம, பிள்ளையை எழுப்பவும் மனசு வராம முழிச்சுக்கிட்டே படுத்திருந்த கதை நம்ம கோயில் அம்மாக்கள்ல எத்தனை பேர்கிட்ட இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது.

"கோயில் பக்கத்துல இதெல்லாம் எதுக்கு?"ன்னு கேட்கிறவங்களுக்கு எங்க பதில் ஒண்ணுதான். அப்பர் சுவாமிகள் கையில என்ன இருந்தது? வேல் இல்ல, சூலம் இல்ல, உழவாரம். கோயில் பிராகாரத்துல முளைச்ச புல்லைச் செதுக்குற கருவி. நாடு முழுக்க நடந்து போய்ப் புல் செதுக்கினதையே தொண்டுன்னு நம்ம சமயம் தலையில வச்சுக் கொண்டாடுது. வருஷத்துக்கு ஒரு தடவை உழவாரப்பணிக்குக் கூப்பிட்டா எங்கெங்கே இருந்தோ காரெடுத்து மலையேறி வர்றீங்க. வாளி தூக்குறீங்க, படி கழுவுறீங்க, விளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறீங்க. பார்க்கிற எங்களுக்கே கண் கலங்கும். அந்தக் கைகளுக்கு ஒரு ஃபில்டரைக் கழுவத் தெரியாதா என்ன? வேலை தெரியாம இல்ல. அதையும் தொண்டுன்னு நினைச்சுப் பார்க்கல, அவ்வளவுதான்.

"நேரமே இல்லை, சர்வீஸ்காரர் வந்து பார்த்துக்குவார்"னு சிலர் சொல்வீங்க. கூப்பிடுங்க, நல்லது, வருஷத்துக்கு ஒரு தடவை கூப்பிடத்தான் வேணும். ஆனா அவர் வந்துட்டுப் போனப்புறம் அந்த ரூம்ல அரை மணி நேரம் உட்கார்ற வேலையை அவர்கிட்ட விட முடியாது. அது பிள்ளையோட வேலை. "அம்மாதான் ஏர்கோன் வேணாம், ஃபேன் போதும்கிறாங்க"ன்னு சொல்வீங்க. நம்ம அம்மாக்கள் எதைத்தான் வேணும்னு கேட்டிருக்காங்க? கொழுந்துக் காட்டுல அட்டை கடிச்சு ரத்தம் வழியுறப்பவும் "ஒண்ணுமில்ல"ன்னு சொன்ன ஜாதி அது. அவங்க வாயில இருந்து குறை வரும்னு காத்திருந்தா வரவே வராது. நாமதான் போய் மோந்து பார்க்கணும்.

பெரியவங்களுக்கும் ஒரு வார்த்தை. அம்மா, பாட்டி, தாத்தா, நீங்களும் வாயைத் திறந்து சொல்லணும். சொன்னா பிள்ளை மனசு நோகும்னு நினைக்கிறீங்க. இருமிக்கிட்டே மலையேறி வர்றதைப் பார்த்தா அவங்க மனசு அதைவிட நோகும். "தம்பி, இந்தக் காத்து ஒரு மாதிரி வாடை அடிக்குதுப்பா"ன்னு ஒரு வார்த்தை போதும். எந்தப் பிள்ளையும் கோவிச்சுக்காது.

போன மாசம் கீழே இருந்து ஒரு பக்தர் போன் பண்ணி, நம்ம மண்டபத்துக்கு ரெண்டு ஏர்கோன் உபயமா தரட்டுமான்னு கேட்டார். பங்குனியில கல்யாணத்துக்கு வந்தப்போ கூட்டத்துல வேர்த்துப் போச்சாம். நல்ல மனசு. நன்றின்னு சொன்னோம். ஆனா வேணாம்னுட்டோம். ஜன்னலைத் திறந்தா மலைக்காத்து சும்மா வர்ற இடத்துல மெஷின் எதுக்கு? மாட்டினா அதை யார் கழுவுறது, கரண்ட் பில் யார் கட்டுறது? அவர்கிட்ட நாங்க ஒண்ணே ஒண்ணு கேட்டோம். "அண்ணே, உங்க வீட்டுல அம்மா ரூம் ஏர்கோனைக் கடைசியா எப்போ கழுவினீங்க?" கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "ஞாயித்துக்கிழமை பண்ணிடறேன்"னு சொன்னார். எங்களைப் பொறுத்தவரைக்கும் உபயம் வந்து சேர்ந்தாச்சு.

அதனால எங்க வேண்டுகோள் இதுதான். பொங்கல் வர்றப்போ போகிக்குப் பழசைக் கழிக்கிறோம். அதே மாதிரி, மாசி மகம் வந்துட்டா பெரியவங்க ரூமைத் திறக்கிற நாள்னு ஒரு வழக்கம் வச்சுக்குவோம். ஜன்னல் திறந்து, மெத்தை வெயில் கண்டு, ஃபில்டர் கழுவி, அந்த ரூம்ல அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துட்டு, அதுக்கப்புறம் அம்மாவைக் கூட்டிட்டுப் போக மலையேறி வாங்க. காரை எடுக்கிறதுக்கு முன்னாடி ஃபில்டரை எடுங்க.

மலையிலேயே இருக்கிற இளைஞர்கள் அக்காக்கள் தங்கச்சிகள்கிட்ட ஒரு உதவி. உங்க லயத்துல, பக்கத்து வீட்டுல யாராவது பெரியவங்க கீழே கிளம்புறாங்கன்னு தெரிஞ்சா, அவங்க பிள்ளைக்கு இந்தப் பதிவை அனுப்பி விடுங்க. படிச்சுக் காட்டணும்னா படிச்சுக் காட்டுங்க.

பூ கட்டுற பாட்டியைப் பத்திக் கேட்பீங்க. நல்லா இருக்காங்க. மருந்து சாப்பிட்டு இருமல் நின்னுடுச்சு. அந்த மகன்கிட்ட நாங்க பேசினோம். திட்டல, சொன்னோம். கேட்டதும் அழுதுட்டார். இந்த வருஷம் அவர் வந்தப்போ, போன்ல ஒரு படம் காட்டினார். வாளியில கழுவி நிழல்ல சாத்தி வச்சிருந்த ரெண்டு ஃபில்டர். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இது என்னப்பா, சல்லடையா?"ன்னு கேட்டாங்க. கீழே போயிட்டு ரெண்டு வாரத்துல திரும்பிட்டாங்க. வந்த வெள்ளிக்கிழமையே அம்மனுக்கு நாலு முழம் மல்லி, ஒரு தடவைகூட இருமாம கட்டி முடிச்சாங்க.

அம்மன் அருள் எல்லார் வீட்டுக்கும் கிடைக்கட்டும். உங்க வீட்டுப் பெரியவங்க நல்லா மூச்சு விடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கோயில் தொண்டர்கள், ரிங்லெட்